ஊதுகுழலுக்கு வைத்த பூ

நாலாங்கட்டைக் கம்பம் என்ற தகரக்கூரைக் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு குளியல் நடக்கும். ஒன்று பிள்ளைகளுக்கு, இன்னொன்று செல்லக்கண்ணுவின் காருக்கு. பிள்ளைகளாவது பொதுக்குழாயடியில் இரண்டு செம்புத் தண்ணீரோடு தப்பி ஓடிவிடுவார்கள். கார் பாவம், எங்கே ஓடும்? கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு செல்லக்கண்ணு அதைச் சோப்புப் போட்டுத் தேய்ப்பான், பழைய பனியனால் துடைப்பான், சக்கரத்து மூடியில் தன் முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பான். கோப்பி ஆறுகிறது என்று மனைவி மங்களம் வாசலில் நின்று கூப்பிட்டால், "இதோ, மூஞ்சியை மட்டும் துடைச்சிட்டு வந்துர்றேன்" என்பான். காரின் மூஞ்சியைத்தான் சொல்கிறான்.

சாம்பல் நிற மோரிஸ் மைனர். அவன் கைக்கு வருமுன் இரண்டு பேர் ஓட்டித் தேய்த்த வண்டி. துறைமுகக் கிடங்கில் சாமான்களைச் சரிபார்க்கும் குமாஸ்தாவுக்குக் கார் ஒரு கேடா என்று வேலையிடத்தில் கேட்டவர்கள் உண்டு. கம்பத்தில் யாரும் கேட்டதில்லை. காரணம் அவர்களுக்குத் தெரியும்.

மங்களத்துக்கு முதல் பிரசவ வலி கண்ட அன்று அடைமழை. சிராங்கூன் சாலையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். கையைக் காட்டிக் காட்டி அலுத்ததுதான் மிச்சம், ஒரு டாக்சியும் நிற்கவில்லை. கடைசியில் மூன்று சக்கரத் திரிஷாவை மிதித்து வந்த ஒருவர் மனமிரங்கி ஏற்றிக்கொண்டார். பாதி வழியில் அவருடைய சக்கரமும் குழிக்குள் சிக்கிக்கொண்டது. கண்டாங் கெர்பாவ் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது தாய் மிஞ்சினாள், பிள்ளை மிஞ்சவில்லை. செல்லக்கண்ணு அந்தப் பிள்ளையின் முகத்தை ஒரே ஒரு தடவைதான் பார்த்தான். அடுத்த பிள்ளை வருவதற்குள் வாசலில் வண்டி நிற்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டான். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கியது அந்த மோரிஸ் மைனர்.

இப்போது மங்களத்துக்கு மாதம் நெருங்கியிருந்தது. காலையில் சாமி விளக்கை ஏற்றியதும் வாசலுக்கு வருவாள். காரின் முன்பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நீ இருக்கே, எனக்கு அது போதும்" என்பாள். அவளுக்கு அந்த வண்டி பகட்டு இல்லை, பிள்ளை உயிரோடு வீடு வந்து சேரும் என்ற நம்பிக்கை.

கம்பத்துக்கும் அந்த வண்டி மேல் தனிப் பாசம். அடுத்த வீட்டு மைமூனின் மாமனாருக்கு மூச்சுத் திணறியபோது அதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடியது. கோடி வீட்டுச் சீனத்து அம்மா வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டபோதும் அதுதான். அந்த அம்மா நடமாடத் தொடங்கியதும் ஒரு கூடை வாத்து முட்டையோடு வந்து நின்றார். மைமூனின் கணவர் ரொட்டி வேன் ஓட்டுகிறவர். கருக்கலில் கடை கடையாக ரொட்டி போட்டுவிட்டுக் காலையில் வந்து படுத்தால் பிற்பகலில்தான் எழுந்திருப்பார். எல்லாருக்கும் அவர் ரொட்டி பாய். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நன்றிக்காக, தினமும் வேலை முடிந்து வரும்போது செல்லக்கண்ணுவின் வாசல் ஆணியில் ஒரு முழு ரொட்டியைத் தொங்கவிட்டுப் போவார். வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று, கேட்டால்தானே.

இத்தனை நல்ல பேரோடு இருந்த மனிதனுக்குப் பிடித்த சனியனைக் கேளுங்கள்.

அந்த வருடம் தாம்சன் சாலையில் கார்ப் பந்தயம் நடந்தது. கிடங்கில் கூட வேலை பார்க்கும் கோவிந்தசாமி அவனை அங்கே இழுத்துக்கொண்டு போனான். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி. ஆனால் அந்த உறுமல் காதுக்குள் புகுந்துவிட்டது. சாப்பிடும்போதும் அதே நினைப்பு, சாமான் எண்ணும்போதும் அதே நினைப்பு. போதாக்குறைக்குக் கோவிந்தசாமியிடம் ஒரு ஃபோர்டு ஆங்கிலியா கார் இருந்தது. அதில் அவன் ஊதுகுழல் மாட்டியிருந்தான்.

ஊதுகுழல் என்றால் வாயில் வைத்து ஊதுவது இல்லை. எஞ்சின் ஓடப் பெட்ரோல் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். அந்தக் காற்றைத் தூசி நீக்கி உள்ளே அனுப்ப, காரைச் செய்தவர்கள் ஒரு கறுப்பு டப்பாவை வைத்திருப்பார்கள். அதைக் கழற்றிவிட்டு, நாதஸ்வரத்தின் அடிவாய் போல விரிந்த ஓர் அலுமினியக் குழலை அந்த இடத்தில் மாட்டினால் காற்று தாராளமாகப் போகும். வேகம் கொஞ்சம் கூடும். சத்தம் ரொம்பக் கூடும். அந்தக் காலத்தில் கார் வைத்திருந்த பாதி இளவட்டங்களுக்கு அந்தச் சத்தத்தின் மேல்தான் ஆசை.

"உன் வண்டி வர்றதும் தெரியல, போறதும் தெரியல. ஆம்பளை ஓட்டுற வண்டின்னா நாலு பேரு திரும்பிப் பாக்கணும்பா" என்றான் கோவிந்தசாமி, கேண்டீனில் கோப்பியை உறிஞ்சிக்கொண்டே.

"வீட்டுல மாசமா இருக்கா. இப்பப் போயி வண்டியில கை வைக்கிறதா?"

"அதுக்குத்தான் சொல்றேன்லா. அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போகணும்னா வேகம் வேணாமா?"

செல்லக்கண்ணுவுக்கு வேண்டியிருந்தது இப்படி ஒரு சாக்கு. ஆசைக்கு ஒரு நல்ல பெயர் கிடைத்துவிட்டால் மனிதன் பிறகு யார் பேச்சைக் கேட்பான்?

மங்களத்தைப் பரிசோதனைக்கு மருத்துவமனைக்குக் கூட்டிப்போன ஒரு நாள், திரும்பும் வழியில் வண்டியை ஜாலான் புசார் பக்கம் திருப்பினான். அங்கே மெக்கானிக் பெர்னார்ட் பட்டறை வைத்திருந்தான். சுவரில் மாதா படம், அதற்குக் கீழே வரிசையாகத் தொங்கும் ஸ்பேனர்கள். பெர்னார்ட் ஒரு ஸ்டூலைத் துடைத்து, கடைவாசலின் ஐந்தடி நடைபாதையில் நிழல் பார்த்து மங்களத்துக்குப் போட்டான். பிறகு காரின் முன்மூடியான பானட்டைத் தூக்கி வேலையில் இறங்கினான்.

இரண்டு போல்ட்டைக் கழற்றியதும் கறுப்பு டப்பா கையோடு வந்துவிட்டது. அடியில் தேங்கியிருந்த எண்ணெயைக் கொட்டி, டப்பாவைச் செய்தித்தாளில் சுற்றிப் பின்சீட்டில் வைத்தான். காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரின் வாயைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தான். இடைவெளியை அடைக்கும் புதுக் கேஸ்கட்டை ஒட்டி, அதன்மேல் குழலைப் பொருத்தி, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முறுக்கினான். கடைசியாகக் குழலின் விரிந்த வாய்க்கு ஒரு கம்பி வலையை மூடியாகப் போட்டு இறுக்கினான். எஞ்சினை ஓடவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டு, கார்புரேட்டருக்கு அடியில் இருந்த நட்டை லேசாகத் திருகிச் சத்தத்தைச் சமப்படுத்தினான்.

"அண்ணே, மாட்டச் சொன்னீங்க, மாட்டிட்டேன். ஆனா இந்த வலையை மட்டும் கழட்டிடாதீங்க. இதுக்கு வாயிதான் இருக்கு, பல்லு கிடையாது. நூலு, துணி, இலை, எது வந்தாலும் முழுங்கிடும்" என்றான்.

செல்லக்கண்ணுவுக்கு அது எங்கே காதில் விழுந்தது? அவன் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து உறுமலை ரசித்துக்கொண்டிருந்தான். மங்களம்தான் கேட்டாள்.

"முழுங்கிட்டா என்ன ஆகும் தம்பி?"

"உள்ள ஒரு சின்னத் தகடு இருக்குக்கா. காலை எடுத்தா அது மூடிக்கணும். ஏதாச்சும் சிக்கிக்கிச்சுன்னா மூடாது. காலை எடுத்தாலும் வண்டி பாயும்."

"அப்ப என்ன செய்யிறது?"

"பதறாம சாவியைத் திருப்பி அணைச்சிடணும். எஞ்சின் செத்துடும். அப்புறம் பிரேக்கு பாத்துக்கும்."

மங்களம் எழுந்து வந்து, சாவி எங்கே இருக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டாள். டாஷ்போர்டின் நடுவில் இருந்தது. பயந்தவள் கேட்டுத் தெரிந்துகொண்டாள், ஆசைப்பட்டவன் கேட்கவில்லை.

அன்றிலிருந்து கம்பத்துக்கு நிம்மதி போயிற்று. செல்லக்கண்ணு வேலைக்குப் புறப்பட்டால் தகரக் கூரைகள் அதிரும். திரும்பி வந்தால் தொட்டில் பிள்ளைகள் வீறிடும். குழாயடியில் நிற்கும் பெண்கள் குடத்தையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஓரத்துக்கு ஓடுவார்கள். சீனத்து அம்மா பட்டென்று சன்னலைச் சாத்திவிடுவார். இவன் என்னவோ ராஜா ஊர்வலம் வருவது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவான்.

"எல்லாரும் ஒதுங்குறது மரியாதையில இல்லங்க. பயத்துல" என்றாள் மங்களம்.

"போடி, உனக்கு எல்லாத்துக்கும் பயம்தான்" என்று சிரித்தான்.

ஒரு சனிக்கிழமை மாலை கோவிந்தசாமி வந்து வண்டியின் சத்தத்தைக் கேட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "வலை போட்டு மூடி வச்சிருக்கியே, தொண்டையில துணியை அடைச்ச மாதிரி இருக்கு. கழட்டிப் பாரு, அப்பத் தெரியும்" என்றான். அவ்வளவுதான், வலை கழன்று பிஸ்கட் டின்னுக்குள் போயிற்று. உறுமல் இரண்டு பங்கு ஆயிற்று. கோவிந்தசாமி தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனான்.

அவன் தலை மறைந்ததும் மைமூன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே வந்தாள்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. காலையில வந்துதான் உங்க பாய் கண்ணை மூடுறாரு. நீங்க வண்டியை எடுத்ததும் திடுக்குன்னு எந்திரிச்சு உக்காந்துக்கிறாரு. தூக்கம் இல்லாம மறுநாள் வேன் ஓட்டப் போறாரு, எங்கயாவது கண்ணசந்துட்டா என்ன ஆகும்? கொஞ்சம் மெதுவா எடுக்கக் கூடாதா?"

"என்னக்கா செய்யிறது? கார்னா சத்தம் வரத்தான் செய்யும். ரோடு எல்லாருக்கும் பொதுதானே" என்றான் அவன்.

மைமூன் தலையை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். மறுநாள் காலையிலும் வாசல் ஆணியில் ரொட்டி தொங்கியது. அதை எடுக்கும்போது மங்களத்துக்குத்தான் வெட்கமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டிக்குப் பூசை போட முடிவு செய்திருந்தான். புதுச் சாமான் மாட்டியிருக்கிறோம், மங்களத்துக்கும் நாள் நெருங்கிவிட்டது, நல்லபடியாக எல்லாம் நடக்க வேண்டும் என்று மனதார நினைத்துத்தான் செய்தான். அவனுடைய பக்தியில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. சிராங்கூன் சாலைக் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி மாலை போட்டார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். குருக்கள் ஆரத்தி காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

செல்லக்கண்ணுவுக்கு மனம் நிறையவில்லை. முக்கியமான ஆளுக்கு மரியாதை செய்யவில்லையே! பானட்டைத் திறந்து ஊதுகுழலுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தான். பிறகு மங்களத்திடம் இருந்து ஒரு முழம் மல்லிகைச் சரத்தை வாங்கி, குழலின் கழுத்தில் சுற்றி, மிச்சத்தை விரிந்த வாயின் விளிம்போரம் அழகாக வளைத்துவிட்டான்.

"வாய்க்கிட்டயா சுத்துறீங்க? அந்தத் தம்பி போட்ட வலை எங்க?" என்றாள் மங்களம்.

"வலை வீட்டுல இருக்கு. சாமி பூவுடி, இது போயி என்ன செய்யப்போகுது?"

நம் ஆட்கள் புதுத் தையல் மெஷினுக்கும் பூ வைப்பார்கள், புதுத் தராசுக்கும் பூ வைப்பார்கள். சோறு போடும் சாமானைக் கும்பிடுவது நல்ல வழக்கம்தான். ஆனால் காற்றை இழுத்து இழுத்து விழுங்கும் வாயில் பூச்சரத்தைக் கட்டுவதற்கு ஒரு செல்லக்கண்ணுதான் பிறந்து வர வேண்டும்.

நிறைமாத மனைவி பக்கத்தில் இருந்ததால் கோயிலில் இருந்து வீடு வரை மெதுவாகவே ஓட்டி வந்தான். சரமும் ஈரமாக இருந்தது, ஒட்டிக்கொண்டு கிடந்தது. வண்டி வாசலில் நின்றபோது எஞ்சின் சூட்டில் பூ வாடிச் சுருங்கி, நூல் தளர்ந்து போயிற்று. பானட்டுக்கு உள்ளே நடப்பதை யார் கண்டார்கள்?

சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது மங்களம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"என்னங்க, வலி எடுத்திருச்சு."

செல்லக்கண்ணுவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதல் பிள்ளையின் முகம் கண்முன் வந்து நின்றது. துணிப்பையை எடுத்துப் பின்னால் போட்டு, அவளை முன்சீட்டில் உட்காரவைத்து, சாவியைத் திருகினான். அவசரமும் பழக்கமும் சேர்ந்துகொள்ள, ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக மிதித்தான். எஞ்சின் முழு மூச்சையும் உள்ளே இழுத்தது. காற்றோடு சரமும் உள்ளே போயிற்று.

வண்டி பாய்ந்தது. செல்லக்கண்ணு காலை எடுத்தான். வேகம் குறையவில்லை. மறுபடியும் மிதித்து எடுத்துப் பார்த்தான். உறுமல் கூடியதே தவிரக் குறையவில்லை. சந்து இறக்கமாகப் போய்ப் பொதுக்குழாயடியில் முடிந்து, அதைத் தாண்டித்தான் பெரிய ரோட்டில் சேரும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், குழாயடி நிறையப் பெண்களும் பிள்ளைகளும். வழக்கமான சத்தம்தானே, ஒதுங்கினால் போகிறது என்று அவர்கள் நினைப்பதற்குள் வண்டி பாதிச் சந்தைத் தாண்டிவிட்டது.

பிரேக்கின் மேல் ஏறி நின்றான். சக்கரம் அலறியது, எஞ்சின் விடாமல் தள்ளியது. எதிரே மைமூன், இடுப்பில் ஒரு குடம், கையில் கோடி வீட்டுச் சீனத்து அம்மாவின் பேரப்பிள்ளை. செல்லக்கண்ணுவின் கைகள் ஸ்டீயரிங்கில் விறைத்துவிட்டன. என்ன செய்ய வேண்டும் என்று ஒன்றுமே தோன்றவில்லை. வாய் மட்டும் "முருகா, முருகா" என்றது.

அப்போது வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மங்களம், ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள்.

உறுமல் பட்டென்று நின்றது. பிரேக் பிடித்தது. இடது சக்கரம் ஓரத்து வாய்க்காலுக்குள் இறங்கி, வண்டி ஒரு குலுக்கலோடு சாய்ந்து நின்றது. மைமூன் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒட்டி நின்றாள். அவள் போட்டுவிட்ட அலுமினியக் குடம் கார் பம்பருக்கும் குழாய்த் தூணுக்கும் நடுவில் தட்டையாகக் கிடந்தது.

செல்லக்கண்ணு கதவைத் திறந்து இறங்கினான். யார் வேண்டுமானாலும் வந்து அறையட்டும், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று தலையைக் குனிந்து நின்றான்.

மைமூன்தான் முதலில் வாயைத் திறந்தாள். "திட்டுறதை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல புள்ளத்தாச்சியைத் தூக்குங்க."

பிள்ளையை யாரிடமோ கொடுத்துவிட்டுத் தன் வீட்டுக்கு ஓடினாள். தூக்கத்தில் இருந்து எழுந்த ரொட்டி பாய் பனியனும் கைலியுமாகவே வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். மாவுச் சாக்குகளை மடித்துப் பரப்பினார்கள். சன்னலைச் சாத்துகிற அதே சீனத்து அம்மா தன் தலையணையைக் கொண்டுவந்து மங்களத்தின் முதுகுக்குக் கொடுத்தார். இவன் காரைப் பார்த்துப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய அத்தனை பெண்களும் சேர்ந்து, அவளைப் பூப்போலத் தூக்கி வேனில் உட்காரவைத்தார்கள். மைமூன் அவள் பக்கத்தில் ஏறிக் கையைப் பிடித்துக்கொண்டாள். செல்லக்கண்ணு முன்னால் ஏறிக்கொண்டான்.

வேனுக்குள் ரொட்டி மணம் நிறைந்திருந்தது. ரொட்டி நசுங்காமல் ஓட்டிப் பழகியவர் பாய். பள்ளம் மேடு எல்லாம் அவருக்கு மனப்பாடம், ஒரு குலுக்கல் இல்லை. சத்தமே போடாத அந்தப் பழைய வேன், உறுமும் கார் போயிருக்க வேண்டிய நேரத்துக்கே மருத்துவமனை வாசலைத் தொட்டது.

பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சில் செல்லக்கண்ணுவும் பாயும் உட்கார்ந்தார்கள். பாயின் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. அதைப் பார்த்துச் செல்லக்கண்ணு அவர் பக்கமாகத் திரும்பினான்.

"பாய், இத்தனை நாளா உங்க தூக்கத்தைக் கெடுத்தேன். அக்கா வந்து சொல்லியும் கேக்கல. அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா நான் என்ன ஆகியிருப்பேன்? என்னை மன்னிச்சிருங்க."

பாய் கண்ணைத் திறக்காமலே, "மன்னிச்சாச்சு தம்பி. இப்பவாச்சும் கொஞ்சம் தூங்க விடுங்க" என்றார்.

செல்லக்கண்ணு வாயைப் பொத்திக்கொண்டு அழுதான், சத்தம் வந்துவிடக் கூடாதே என்று. கொஞ்ச நேரத்தில் தாதி வந்து, பெண் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம் என்றாள். அவன் பாயின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பாய் "அல்ஹம்துலில்லா" என்று சொல்லி அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

மறுநாள் காலை கம்பத்து ஆட்கள் சேர்ந்து வண்டியை வாய்க்காலில் இருந்து தூக்கிவிட்டார்கள். கூப்பிடாமலே வந்தவர்கள் அவர்கள். பெர்னார்ட் சைக்கிளில் சாமான் பையோடு வந்து சேர்ந்தான். குழலைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்து, இடுக்கியை உள்ளே விட்டு இழுத்தான். கறுத்துப்போன நூல் ஒன்று நீளமாக வந்தது. அதில் கருகிய மல்லிகை மொட்டுகள் இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

பெர்னார்ட் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டான். "அக்கா கையில சாவி கிடைச்சிச்சே, அதுக்கு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தணும்" என்றான். வேறு எதையும் சொல்லிக் குத்திக் காட்டவில்லை. செய்தித்தாளில் சுற்றி வீட்டில் வைத்திருந்த கறுப்பு டப்பாவைச் செல்லக்கண்ணு தானே எடுத்து வந்து கொடுத்தான். அது தன் இடத்தில் ஏறியதும் எஞ்சின் பழையபடி அடக்கமாக ஓடியது. அந்தச் சாதுவான சத்தம் எவ்வளவு இனிமை என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. மைமூனுக்குப் புதுக் குடம் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு, பார்வையாளர் நேரத்துக்கு மருத்துவமனைக்குப் புறப்பட்டான்.

வார்டில் மங்களம் தலையணையில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் துணிச் சுருளுக்குள் குழந்தை. செல்லக்கண்ணு வந்து நின்றான். அவளுடைய கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

"இந்தக் கைதான் மங்களம் எல்லாரையும் காப்பாத்துச்சு. நான் சாமியைக் கூப்பிட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ சாவியைத் திருப்புன. உனக்கு நான் என்ன செஞ்சா தகும்?"

அவள் கண் கலங்கச் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து ஆரஞ்சுப் பழப் பையோடு கோவிந்தசாமி வந்து சேர்ந்தான். குழந்தையைக் கொஞ்சினான், மூக்கு அப்பனைப் போல என்றான். நடந்தது முழுவதையும் கேட்டுவிட்டு உச்சுக்கொட்டினான்.

"சரி விடுப்பா, சாமி காப்பாத்திட்டாரு. பூவைக் கட்டினதுதான் தப்பு. குழலை எதுக்குக் கழட்டுன? திரும்ப மாட்டு, இந்தத் தடவை வலையோட மாட்டிக்கலாம். நாலு பேரு பாக்குற வண்டியை ஊமையா ஆக்கிட்டியே."

செல்லக்கண்ணு நிமிர்ந்து அவனைப் பார்த்தான். "வேணாம் கோவிந்தசாமி. நாலு பேரு பாக்கணும்னு நான் ஓட்டினேன், ஆனா அந்த நாலு பேரை நான் பாக்கவே இல்ல. என்னைப் பாத்துப் பயந்து ஓடினவங்கதான் என் புள்ளையைத் தூக்கிட்டு வந்தாங்க. இனிமே அவங்க ஓடுற மாதிரி ஒரு வண்டியை நான் ஓட்ட மாட்டேன்."

"அடப் போப்பா, ஒரு தடவை நடந்ததுக்கு இப்படிப் பயந்தா எப்படி? அதான் ஆண்டவன் இருக்காருல்ல" என்றான் கோவிந்தசாமி.

மங்களம் குழந்தையின் துணியைச் சரிசெய்துகொண்டே பேசினாள். குரல் களைப்பாக இருந்தது, ஆனால் வார்த்தை தெளிவாக வந்தது.

"ஆண்டவன் காப்பாத்தினாரு அண்ணே, இல்லேங்கல. மைமூன் அக்கா ஓடி வந்தாங்க, பாய் தூக்கத்தை விட்டுட்டு வந்தாரு. அவங்க எல்லாருக்கும் நான் சாகுற வரைக்கும் நன்றி சொல்லுவேன். ஆனா வாயால சொன்னா மட்டும் நன்றி ஆயிடுமா? காப்பாத்தினவங்களுக்கு நாம செய்யிற நன்றி, மறுபடியும் அவங்களுக்கு அந்த வேலையைக் குடுக்காம இருக்குறதுதான். ரோடு நாம வித்தை காட்டுற இடம் இல்லண்ணே. ஊரு சனம் உசுரோட வீடு போய்ச் சேருற வழி. துறைமுகத்துல வேலை பாக்குறவங்களுக்குப் புரியிற மாதிரி சொல்லணும்னா, சாமிக்கு ஓவர்டைம் வைக்காதீங்க."

கோவிந்தசாமி குழந்தையின் பக்கம் குனிந்தான். அவன் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள், நடக்கப் பழகும் வயதில். துணிச் சுருளுக்குள் இருந்து நீண்ட குழந்தையின் கை அவனுடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. அதை விடுவித்துக்கொள்ள அவனுக்கு மனம் வரவில்லை. விரலை அப்படியே விட்டு, செல்லக்கண்ணுவின் பக்கம் திரும்பித் தணிந்த குரலில் கேட்டான்.

"என் வண்டியோட கறுப்பு டப்பாவும் வீட்டுலதான் கிடக்கு. பெர்னார்ட் பட்டறையை எத்தனை மணிக்குச் சாத்துவான்?"